பா-டீ-யா வழக்கு: செப்டம்பர் 21 இரவு என்னதான் நடந்தது?

1978 நவம்பர் 18 அன்று எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற அமெரிக்க இசைக்குழு ‘செப்டம்பர்’ என்றொரு பாட்டை வெளியிட்டது. மூன்றரை நிமிடம் ஓடும். எடுத்த எடுப்பிலேயே பாடகர் கேட்டுவிடுகிறார்: செப்டம்பர் 21ஆம் தேதி ராத்திரி, ஞாபகம் இருக்கா? அன்றிலிருந்து கேட்டவர்கள் எல்லாம் அவரையே திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: இருக்கட்டும், அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது?

பாட்டு அதைச் சொல்வதே இல்லை. காதல் இருந்தது, மேகம் விலகியது, நட்சத்திரம் தெரிந்தது, ஆடினார்கள். எந்த ஊர், யார் வீடு, யாருக்குக் கல்யாணம், எதுவும் கிடையாது. இதை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ஏட்டையா எஃப்.ஐ.ஆர். போட மாட்டார். தேதி இருக்கிறது, சம்பவம் இல்லை. போதாக்குறைக்கு, விளக்கம் வரவேண்டிய பல்லவியில் ‘பா-டீ-யா’ என்று மூன்று அசைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எந்த அகராதியைப் புரட்டினாலும் அதற்குப் பொருள் கிடைக்காது.

ஆக இரண்டு தகராறுகள். ஒன்று தேதி, இன்னொன்று பா-டீ-யா. நாற்பது வருஷத்துக்கு மேலாக நடக்கும் இந்தச் சண்டையில் வாதி, பிரதிவாதி, சாட்சி, பொய்ச்சாட்சி எல்லோரும் உண்டு. நீதிபதிதான் இல்லை. அந்த நாற்காலி காலியாக இருப்பதால் கொஞ்ச நேரம் நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.

சம்பந்தப்பட்டவர்கள்

பாட்டை எழுதியவர்கள் மூன்று பேர். முதலாமவர் குழுவின் தலைவர் மோரிஸ் ஒயிட். 1941இல் மெம்ஃபிஸில் பிறந்தவர். அறுபதுகளில் சிகாகோவில் செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தார். பிறகு ராம்ஸி லூயிஸின் மூவர் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து கிளம்பித் தனிக்குழு கண்டார். கலிம்பா என்ற ஆப்பிரிக்க வாத்தியத்தைக் கட்டைவிரல்களால் மீட்டிக்கொண்டு, தாளமே பிரதானமான ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்க இசையின் மேடையில் நின்ற மனிதர். அவர் குழுவின் தட்டுகளில் பிரபஞ்சமும் ஆன்மாவும் ஒளியும் தாராளமாகப் புழங்கும். 1977இல் வந்த தட்டின் உறையில் பிரமிடே இருக்கிறது.

இந்த வழக்குக்கு அவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய முக்கியத் தகவல் வேறொன்று. குழுவின் பெயரை அவர் தன் ஜாதகத்திலிருந்து எடுத்தார். அவருடைய ராசிக் கட்டத்தில் நிலம், காற்று, நெருப்பு மூன்றும் இருந்தன, நீர் இல்லை. அதனால்தான் எர்த், விண்ட் அண்ட் ஃபயர். தண்ணீர் விட்டுப்போனது தற்செயல் இல்லை. ‘அந்தத் தேதிக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது’ என்று வாதாடுகிறவர்களின் மிகப் பலமான ஆயுதம் இதுதான். ஜாதகம் பார்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்த மனிதர், பாட்டில் தேதியை மட்டும் போகிற போக்கில் வைத்திருப்பாரா?

இரண்டாமவர் கிதார் கலைஞர் அல் மெக்கே. பாட்டைத் தூக்கி நிறுத்துகிற அந்த கார்டுகளின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களின், வரிசை அவருடையது. பொருள் பற்றிய சண்டையில் அவரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. கிதாருக்கு அர்த்தம் கேட்கிற வழக்கம் இன்னும் வரவில்லை, நல்ல காலம்.

மூன்றாமவர்தான் நட்சத்திர சாட்சி: ஆலி வில்லிஸ். 1947இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது, இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது. ஒயிட் அவரைப் பாட்டெழுதக் கூப்பிட்டபோது பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள அவர் கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பாட்டுதான் முதல் வெற்றி. பின்னாளில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் தலைப்புப் பாட்டில் அவருக்குப் பங்கு இருந்தது. ‘தி கலர் பர்ப்பிள்’ இசை நாடகத்தின் பாடல்களிலும் உண்டு. ஆனால் போகிற இடமெல்லாம் ஜனங்கள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: அந்த 21ஆம் தேதி என்ன விசேஷம்?

முதல் தகராறு: பா-டீ-யா

இதில் உண்மைகள் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன. வில்லிஸ் பொதுவெளியில் பலமுறை சொன்ன கதை. பாட்டை எழுத ஒரு மாதம் ஆனது. முதல் நாளிலிருந்தே ஒயிட் பல்லவியில் பா-டீ-யா என்றுதான் பாடிக்கொண்டிருந்தார். அது அவருக்கு எப்போதும் வாயில் வருகிற அசை. வில்லிஸுக்கு ஆரம்பத்தில் கவலை இல்லை. மெட்டுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார், பிறகு நிஜ வார்த்தை போட்டுவிடுவோம் என்றே நினைத்தார்.

நம் பாட்டு உலகத்துக்கு இது தெரிந்த ஏற்பாடுதான். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார், கவிஞர் அதன்மேல் சொல்லை உட்காரவைப்பார். சொல் வந்ததும் தத்தகாரம் எழுந்து போய்விட வேண்டும். ஒயிட்டின் தத்தகாரம் எழுந்து போகவில்லை. நாள் போகப் போக வில்லிஸுக்கு வயிற்றைக் கலக்கியது. நிஜ வார்த்தை போடலாம் என்று கேட்டார், கெஞ்சினார். கடைசிக் குரல் பதிவு நடக்கும் நாள்வரை கெஞ்சினார். மனிதர் மாற்றப்போவதில்லை என்று உறுதியானதும் பொறுமை போய், பத்திரிகையில் அச்சேறாத ஒரு சொல்லையும் சேர்த்து, பா-டீ-யாவுக்கு என்னய்யா அர்த்தம் என்று கேட்டார். ஒயிட்டும் அதே சொல்லைச் சேர்த்து, அது யாருக்கு வேண்டும் என்று பதில் கேள்வி கேட்டார்.

தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது. பாட்டெழுதுவதில் தான் கற்ற மிகப் பெரிய பாடம் இதுதான் என்று வில்லிஸ் பிற்பாடு சொன்னார்: தாளம் போகிற வழியில் வார்த்தை குறுக்கே நிற்கக் கூடாது.

எழுதியவரே அர்த்தம் இல்லை என்று சொன்ன பிறகு சண்டை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ‘பார்ட்டி ஆன்’ என்று பாடுவதாகவே நம்புகிறவர்கள் உண்டு. ஏதோ ஒரு ஆப்பிரிக்க மொழியில் அதற்கு அர்த்தம் இருக்கும் என்பவர்கள் உண்டு. கலிம்பா வாசித்தவர் என்பதால் அவர்களுக்கு ஒரு பிடிமானமும் கிடைத்துவிடுகிறது. இப்படிக் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்த மூன்று அசைகளும் பாட்டில் உளறலாக ஒலிப்பதில்லை. ‘பா-டீ-யா, சொல், ஞாபகம் இருக்கா?’ என்று ஒரு வாக்கியத்துக்குள் மரியாதையாக அமர்ந்திருக்கின்றன. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. இலக்கணத்தில் விளி நிற்க வேண்டிய இடம் அது. அங்கே எதைப் போட்டாலும் காது அதை ஆளாகவோ பொருளாகவோ ஆக்கிவிடப் பார்க்கும்.

அசையின் வேலையையும் பார்க்க வேண்டும். பா: இரண்டு உதடும் ஒட்டிப் பிரிகிறது, டிரம்ஸில் விழும் அடி மாதிரி. டீ: நாக்கு ஒரு தட்டுத் தட்டி மேலே ஏறுகிறது. யா: வாய் முழுசாகத் திறந்துகொள்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆங்கிலமே தெரியாதவரும் இதை முதல் தடவையிலேயே கூடப் பாடிவிடலாம். வில்லிஸ் விரும்பியபடி அங்கே ஒரு நல்ல ஆங்கிலத் தொடர் வந்திருந்தால் அதைப் பாட ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். டிரம்ஸ்காரர் எழுதிய பல்லவி இது என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாம் தகராறு: 21

இதுதான் உண்மையான கேஸ். இங்கே எல்லோருக்கும் ஒரு கோட்பாடு உண்டு.

மிகப் பிரபலமானது வானியல் கோட்பாடு. செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகிற நாள் ஒன்று வருகிறது, கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்குகிறது, காதலுக்கு ஏற்ற குறியீடு, ஜாதகப் பிரியரான ஒயிட் அதைத்தான் சொல்கிறார் என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த நாள் பெரும்பாலும் 22 அல்லது 23ஆம் தேதியில் விழும். 1978இல் அது 23. பிரபஞ்சத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட மனிதர் பிரபஞ்சத்தின் தேதியையே தப்பாகப் போட்டார் என்று சொல்ல வேண்டிவரும். அவரைக் காப்பாற்ற வந்த கோட்பாடு அவர் காலையே வாருகிறது.

நிலவை வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. 1978 செப்டம்பரில் பௌர்ணமி 16ஆம் தேதி. 21ஆம் தேதி வரும்போது ஐந்து நாள் தேய்ந்திருக்கும், முன்னிரவில் நிலா இருக்காது. பாட்டில் நிலாவே இல்லை, நட்சத்திரங்கள்தான் இரவைத் திருடிக்கொண்டு போகின்றன. பொருந்துகிறது. ஆனால் பாட்டெழுத உட்கார்ந்தவர்கள் பஞ்சாங்கம் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது.

நேரில் இருந்த சாட்சி சொல்வது வேறு. ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி, மூன்றாம் தேதி என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தோம், 21தான் நன்றாக உட்கார்ந்தது என்கிறார் வில்லிஸ். ஆவலோடு வந்து கேட்கிறவர்களிடம், வேறு எந்த முக்கியத்துவமும் இல்லை, மன்னிக்கணும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொன்னார். ஒயிட்டும் உயிரோடு இருந்தவரை அதையேதான் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: நாமும் பாடிப் பார்ப்பது. அந்த இடத்தில் மெட்டு மூன்று அசையில் ஒரு எண்ணைக் கேட்கிறது, அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும். ‘ட்வென்டி ஃபர்ஸ்ட்’ அப்படிப்பட்டது. ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள தேதிகளில் பெரும்பாலானவை ஓரசையில் முடிந்து பள்ளம் விழ வைக்கும். ‘ட்வென்டி செகண்ட்’, ‘ட்வென்டி செவன்த்’ இரண்டும் ஓர் அசை கூடுதலாகத் தொங்கும். மிஞ்சுவது 21, 23, 24, 25, 26, 28, 29. ‘செவன்டீன்த்’தையும் அழுத்திப் பிடித்தால் உள்ளே விடலாம்.

அடுத்த சல்லடை, பின்னால் வருகிற ‘நைட்’. ‘ஃபிஃப்த் நைட்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கீழுதடு பல்லில் மாட்டி நிற்கும். ‘சிக்ஸ்த் நைட்’ அதைவிட மோசம், மைக்கில் எச்சில் தெறிக்கும். ‘எய்ட்த் நைட்’, ‘நைன்த் நைட்’ இரண்டிலும் நாக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறும். ‘ஃபோர்த்’ பரவாயில்லை, ஆனால் மூச்சு வீணாகிறது. கடைசிச் சுற்றில் 21ம் 23ம் மட்டும் நிற்கின்றன. ‘தேர்ட் நைட்’டில் நாக்கு ஒரு கணம் முட்டி நின்றுதான் அடுத்த ஒலிக்குப் போகிறது. ‘ஃபர்ஸ்ட் நைட்’டில் கடைசி ‘ட்’ பாடும்போது தானே உதிர்ந்து, ‘ஸ்’ஸிலிருந்து ‘நை’க்கு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. 21 ஜெயித்ததில் மாயமில்லை. வேடிக்கை என்னவென்றால், தோற்ற 23தான் வானியல்காரர்களுக்கு வேண்டிய தேதி. வாய் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருந்தால் அவர்கள் வழக்கை ஜெயித்திருப்பார்கள்.

இத்தோடு முடித்துவிடலாம் என்று கோப்பைக் கட்டும் நேரத்தில் புது சாட்சி வந்தார். ஒயிட் 2016 பிப்ரவரியில் காலமானார். அதன் பிறகு அவருடைய மனைவி மெரிலின் ஒயிட்டைச் சந்தித்தபோது, செப்டம்பர் 21 தங்கள் மகன் பிறக்க டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி என்று அவர் சொன்னதாக வில்லிஸே பிறகு தெரிவித்தார். முப்பத்தெட்டு வருஷம் ‘அர்த்தம் இல்லை’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த சாட்சிக்கே அப்போதுதான் தெரிகிறது. ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவரிடம் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

அர்த்தக் கட்சிக்கு அன்று தீபாவளி. ஆனால் இதை வைத்து வில்லிஸின் பழைய வாக்குமூலம் பொய் என்று ஆகிவிடாது. தேதிகளைப் பாடிப் பார்த்ததும் நிஜம், 21 நன்றாக உட்கார்ந்ததும் நிஜம். மேலே பார்த்தோம், அது யார் வாய்க்கும் நன்றாகத்தான் உட்காரும். பாடிப் பார்த்தவர்களில் ஒருவர் காதில் மட்டும் அந்த எண் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிள்ளை பிறக்கப்போகும் தேதியை மனத்தில் வைத்திருப்பவரிடம் போய், ‘எந்தத் தேதி நன்றாக இருக்கிறது?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? என் பார்வையில் இரண்டு சாட்சியும் ஒரே கதையின் இரண்டு பாதி. ஒயிட் சொன்னது பொய்யில்லை, முழுசும் இல்லை.

கணக்குப் பிரியர்கள் இங்கிருந்து ஒன்பது மாதம் பின்னால் எண்ணி, பாட்டின் நடுவில் வருகிற டிசம்பரில் போய் நிற்பார்கள். எனக்கும் விரல் விட்டு எண்ணத் தெரியும். அடுத்தவர் வீட்டு விஷயம், விட்டுவிடுவோம்.

28ஆம் தேதிக் கலவரம்

2018 ஏப்ரலில் டெய்லர் ஸ்விஃப்ட் இந்தப் பாட்டைத் தன் பாணியில் பாடி வெளியிட்டார். பாஞ்சோ ஒலிக்க, நிதானமான மெட்டில். அவர் செய்த சேஷ்டை ஒன்றுதான்: 21ஐ 28 ஆக்கினார். எழுதியவர்களே ‘முக்கியத்துவம் இல்லை’ என்று சொல்லிவந்த எண். அதை மாற்றியதற்கு, ஏதோ கோயில் மூலவரை நகர்த்திவைத்ததுபோல ஜனங்கள் கொதித்தார்கள். ஸ்விஃப்ட்டின் ரசிகர்கள் இன்னொரு பக்கம், 28ஆம் தேதி அவர் யாரைச் சந்தித்தார் என்று பழைய புகைப்படங்களைத் தோண்டத் தொடங்கினார்கள். பழைய வழக்கு முடியாமலே அதற்கு ஒரு கிளை வழக்கு.

வில்லிஸிடம் கருத்துக் கேட்டார்கள். வேலியம் மாத்திரை ஒரு புட்டி விழுங்கிவிட்டுச் சூரியகாந்திச் செடியடியில் தூங்குகிற குடிகார ஆமைபோல இருக்கிறது பாட்டு என்றார். அதன் ஏற்றம் ஒற்றைமாடி விடுதியின் உயரம்தான் என்றார். அதே மூச்சில், அந்தப் பெண் யாரையும் கொன்றுவிடவில்லையே என்று ஜாமீனும் கொடுத்தார். இந்த வழக்கின் ஆவணங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அவர் தேதி மாறியதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. தாளம் போனதற்குத்தான் அழுதார். கடைசிப் பதிவு நாளில் கற்ற பாடம் அப்படியே இருந்தது.

‘எய்ட்த் நைட்’ வாயில் இடறும் என்று மேலே சொன்னதை இங்கே சோதித்துக்கொள்ளலாம். ஸ்விஃப்ட்டின் பாட்டில் அது அவ்வளவாக இடறவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டார், நாக்குக்கு நேரம் கிடைத்துவிட்டது. ஆமைக்கும் சில சௌகரியங்கள் உண்டு.

யாரும் சண்டை போடாத வரிகள்

நாற்பது வருஷமாக எல்லோரும் தேதியையும் பா-டீ-யாவையும் பிடித்துத் தொங்குகிறார்கள். உண்மையில் இந்தப் பாட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வரிகள் வேறு.

இரண்டாம் வரியில், காதல் ‘பாசாங்குக்காரர்களின்’ மனத்தை மாற்றிக்கொண்டிருந்தது என்று வருகிறது. யார் அந்தப் பாசாங்குக்காரர்கள்? காதல் இல்லை என்று நடித்த அந்த ஜோடியா? காதலிப்பதாக நடித்த ஊராரா? ஆங்கிலத்தில் ‘ப்ரிடெண்டர்ஸ்’ என்ற அந்தச் சொல் ‘செப்டம்பர்’, ‘ரிமெம்பர்’ இரண்டோடும் ஏறக்குறைய இயைபு கொள்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் படவில்லை. ஆனால் ஒரு நல்ல சிறுகதையே உள்ளே ஒளிந்திருக்கிறது: இருவருமே சும்மா விளையாட்டுக்குப் பழகினார்கள், அன்று ராத்திரி விளையாட்டு நிஜமாகிவிட்டது. 21ஆம் தேதி நடந்த ‘சம்பவம்’ எது என்று கேட்பவர்களுக்குப் பாட்டுக்குள்ளேயே கிடைக்கிற ஒரே துப்பு இந்தச் சொல்தான். அதை யாரும் தொடுவதில்லை.

அடுத்தது ‘ப்ளூ டாக்’. ஆங்கிலத்தில் நீலம் சோகத்துக்கும் நிறம், கொச்சைப் பேச்சுக்கும் நிறம். அன்று அவர்கள் துக்கம் பேசிக் காதலித்தார்களா, அல்லது காதலர்கள் மட்டும் பேசுகிற பேச்சா? முதலாவது என்றால் பாட்டு ஒரு பிரிவின் நினைவு. இரண்டாவது என்றால் சந்தோஷ நினைவு. கல்யாண வீட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து கைதட்டி ஆடும் பாட்டில் இப்படி ஒரு வரி நாற்பது வருஷமாக யார் கண்ணிலும் படாமல் நடமாடுகிறது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. அந்த எக்காளக் கருவிகள் சோகத்துக்கு ஊதப்படுகிறவை அல்ல.

டிசம்பரும் கவனிக்க வேண்டியது. பாட்டு செப்டம்பரில் நடப்பதில்லை. இப்போது டிசம்பர், அப்போதைய காதல் இன்னும் இருக்கிறது என்பதுதான் நடுவில் வரும் செய்தி. நவம்பர் 18 அன்று வெளிவந்த தட்டு அடுத்த மாதம் வானொலியில் ஓடும்போது கேட்டவர்களுக்கு மாதக் கணக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும். இன்று உலகம் அதை வருஷத்துக்கு ஒரு நாள், செப்டம்பரில் ஒலிக்கவிடுகிறது. பாட்டின்படி அன்றைக்கு நினைவுகூர எதுவுமே இல்லை. அன்றுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஃபங்க் உலகின் முன்னுதாரணங்கள்

‘இது ஃபங்க்கே இல்லை, டிஸ்கோ’ என்று குறுக்கே வருபவர்களை நீதிமன்றம் கேட்டுக்கொள்கிறது, ஓரமாக உட்காரவும் சொல்கிறது.

அர்த்தத்தைவிட வாய் முக்கியம் என்பது இந்தத் துறையில் ஒயிட்டோடு தொடங்கியதில்லை. ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோன் 1969 கடைசியில் ‘தேங்க் யூ’ என்று தொடங்கும் பாட்டை வெளியிட்டார். என்னை நானாக இருக்கவிட்டதற்கு நன்றி என்பது பொருள். ஆனால் தலைப்பை அவர் காதில் விழுகிறபடியே எழுதினார், ‘மைசெல்ஃப்’ ‘மைஸ் எல்ஃப்’ ஆகி, அதில் எலியும் குட்டிப் பூதமும் புகுந்துகொண்டன. கேட்பவர்கள் தப்பாகக் காதில் வாங்குவார்கள் என்று தெரிந்து, அந்தத் தப்பை முன்கூட்டியே தானே அச்சடித்துவிட்டார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

சிக் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘லெ ஃப்ரீக்’ இன்னும் சுவாரசியம். 1977 டிசம்பர் 31 இரவு, பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்தார் என்று அந்தக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 நடன விடுதிக்குப் போனார்கள். வாசலில் இருந்தவர் உள்ளே விடவில்லை. இருவரும் ராட்ஜர்ஸின் வீட்டுக்குத் திரும்பி, கிதாரை எடுத்துக்கொண்டு வாசல்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டு மெட்டாகிவிட்டது. அந்த வசவை வானொலியில் போட முடியாதே என்று ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ‘ஃப்ரீக் அவுட்’டில் வந்து நின்றார்கள். அடுத்த வருஷம் உலகமே அதற்கு ஆடியது. ஸ்டூடியோ 54க்கு வாருங்கள் என்று பாட்டுக்குள் ஓர் அழைப்பும் உண்டு. உள்ளே விடாதவர்களின் வாசலுக்கே விளம்பரம்.

செப்டம்பர் வழக்கோடு பொருத்திப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. சிக் பாட்டில் அர்த்தம் முதலில் இருந்தது, பிறகு ஒலிக்காக அது மறைக்கப்பட்டது. ஒயிட்டின் பா-டீ-யாவில் அர்த்தம் எப்போதுமே இல்லை. ஆனால் 21 என்ற எண்ணில், மெரிலின் சொன்னதை ஏற்றுக்கொண்டால், சிக் பாணிதான் நடந்திருக்கிறது. ஒரே பாட்டில் இரண்டு வித்தை. ஒரு பூட்டுக்கு வெட்டிய சாவியால் மற்றதையும் திறக்கப் பார்த்ததால்தான் இரு கட்சியும் இத்தனை காலம் மாறி மாறித் தோற்றன.

வழக்குக்குப் பின்

பாட்டு அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 8ஆம் இடம்வரை ஏறியது, கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம், பிரிட்டனில் 3. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2018க்கான தேர்வுகளில் இதையும் சேர்த்தது. பா-டீ-யா இப்போது அரசாங்கச் சொத்து.

குழுவின் பேஸ் கிதார் கலைஞரும் மோரிஸின் தம்பியுமான வெர்டீன் ஒயிட்டுக்கு இந்தத் தேதிச் சண்டை ஒரே கொண்டாட்டம். அன்றைக்குக் கல்யாணம் வைக்கிறார்கள், பங்குச் சந்தைகூட ஏறுகிறது, அந்தத் தேதியில் பிறந்த பிள்ளைகள் எனக்கு நன்றி சொல்கிறார்கள் என்றார். பங்குச் சந்தையை யாராவது சரிபார்த்தார்களா தெரியாது, எனக்கும் பார்க்கும் உத்தேசம் இல்லை. டெமி அடெஜுயிக்பே என்ற நகைச்சுவைக் கலைஞர் 2016 முதல் 2021 வரை வருஷா வருஷம் அதே தேதியில் ஒரு நடனக் காணொளி போட்டார். ‘இன்றைக்கு 21ஆம் தேதி’ என்பதைத் தவிர அவற்றில் செய்தி எதுவும் கிடையாது. காணொளி வருஷத்துக்கு வருஷம் பெரிதாகி, கடைசியில் நற்காரியங்களுக்குப் பணம் திரட்டும் அளவுக்குப் போனது. 1978இல் வெறும் அசைக் கணக்கில் வந்த எண் என்றே வைத்துக்கொண்டாலும், இனி அப்படிச் சொல்ல முடியாது. அன்று கல்யாணம் செய்துகொண்டவர்களிடம் போய் முக்கியத்துவம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

கோப்பில் தீராத சந்தேகம் ஒன்று மிச்சம். 1978 செப்டம்பர் 21 வியாழக்கிழமை. நட்சத்திரங்கள் தேயும்வரை ஆடுவதற்கு வாரத்தில் உகந்த நாள் அல்ல. சனிக்கிழமைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 1974க்குப் போக வேண்டும். ஆனால் பாட்டில் ‘இப்போது டிசம்பர்’ என்று வருவதால் அதே வருஷத்துச் செப்டம்பராகத்தான் இருக்க முடியும். ஆகவே வியாழன்தான். மறுநாள் காலை வேலைக்குப் போனார்களா, லீவு சொன்னார்களா என்பது பற்றிப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை.